துளையிட்ட பட்டைகளின் கடல்வழி: மெக்கானோ பெட்டிகளின் ஏற்றுமதி வரலாறும் சேகரிப்போர் கையிலுள்ள சான்றுகளும்

உதிரிகளைப் பொருத்தி ஒன்றைக் கட்டி, பிரித்து, அதே உதிரிகளால் வேறொன்றைக் கட்டும்படி அமைந்த பொம்மைகளைக் கட்டுமான விளையாட்டுப் பொருள்கள் என்பர். இவ்வகையில் உலகெங்கும் பரவிய பெயர்களுள் ஒன்று, இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் தோன்றிய மெக்கானோ. அதன் வரலாற்றை எழுதியோரிற் பலர் கண்டுபிடிப்பாளரின் வாழ்க்கையையும் லிவர்பூல் தொழிற்சாலையின் ஏற்றத்தாழ்வுகளையுமே மையமாகக் கொண்டனர். ஆனால் அந்தப் பொம்மை லிவர்பூலில் செய்யப்பட்டு உலகெங்கும் கப்பலேறியது என்ற பொதுவான சித்திரம் பாதி உண்மையே ஆகும். சுங்க வரி, போர், இறக்குமதி உரிமம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று வழிமறித்த போதெல்லாம் பெட்டிக்குப் பதிலாகத் தொழிற்சாலையோ, வார்ப்பு அச்சோ, உற்பத்தி உரிமையோ கடல் கடந்தது. இந்த இடமாற்றங்களின் தடயம் பட்டைகளில் பொறித்த முத்திரையிலும், தகடுகளின் வண்ணத்திலும், பெட்டி மூடியில் ஒட்டிய சீட்டிலும் எஞ்சியிருக்கிறது. பழைய பெட்டிகளைச் சேகரிப்போரின் வேலை வெறும் பொழுதுபோக்கு என்ற நிலையைக் கடந்து வணிக வரலாற்றுக்கு உதவுவது இந்த இடத்தில்தான்.

மெக்கானோவை உருவாக்கிய ஃபிராங்க் ஹார்ன்பி (1863–1936) பொறியியல் பயின்றவர் அல்லர். இறைச்சி இறக்குமதி செய்துவந்த டேவிட் ஹியூ எலியட் என்பவரின் லிவர்பூல் அலுவலகத்தில் கணக்கெழுதியவர். தம் பிள்ளைகளுக்காகத் தகரத்தை வெட்டித் துளையிட்டுப் பளுதூக்கிகளும் பாலங்களும் செய்துகொடுத்த அவர், ஒரே அளவிலான இடைவெளியில் துளைகள் இருந்தால் எந்த உதிரியையும் எந்த உதிரியோடும் நட்டு போல்ட்டால் பூட்டலாம் என்ற கருத்துக்கு 1901இல் காப்புரிமை பெற்றார். எலியட் முதலீட்டுப் பங்காளியானார். 1902இல் விற்பனைக்கு வந்த முதல் பெட்டிக்கு ‘எளிதாக்கப்பட்ட இயந்திரவியல்’ எனப் பொருள்படும் நீண்ட ஆங்கிலப் பெயர் இருந்தது. அதில் 16 வகை உதிரிகளும், 12 மாதிரிகளைச் செய்துகாட்டும் கையேடும் இருந்தன. விலை ஏழு ஷில்லிங் ஆறு பென்ஸ். லிவர்பூல் பல்கலைக்கழகப் பொறியியல் பேராசிரியர் ஹென்றி செல்பி ஹீல்-ஷா அளித்த பாராட்டுக் கடிதம் கல்விக் கருவி என்ற மதிப்பை அதற்குத் தேடித்தந்தது. மெக்கானோ என்ற வணிகப்பெயர் 1907 செப்டம்பரில் பதிவானது. மறு ஆண்டு மே மாதம் மெக்கானோ லிமிடெட் நிறுவப்பட்டது. 1914இல் பின்ஸ் ரோடு என்ற தெருவில் எழுந்த தொழிற்சாலை அடுத்த 65 ஆண்டுகளுக்கு அதன் தலைமையிடமாக விளங்கியது. துறைமுக நகரம் ஒன்றில், இறக்குமதிக் கணக்கெழுதிய ஒருவர் தொடங்கிய தொழில் ஏற்றுமதியில் விரைந்து ஈடுபட்டதில் வியப்பில்லை. 1910 வாக்கிலேயே பல நாடுகளுக்கு அப்பெட்டிகள் சென்றுகொண்டிருந்தன.

இதன் ஏற்றுமதி பிற பொம்மைகளின் ஏற்றுமதியிலிருந்து வேறுபட்டதற்கு அடிப்படைக் காரணம் அதன் அளவுமுறையே. துளைக்கும் துளைக்கும் நடுவே அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீட்டர், போல்ட்டின் விட்டம் ஓர் அங்குலத்தில் 32இல் 5 பங்கு, அதன் மரை பிரிட்டிஷ் தரமான விட்வொர்த் மரை. இந்த மூன்றும் மாறாதிருந்ததால் 1910இல் வாங்கிய பட்டையோடு 1950இல் வாங்கிய பட்டையைப் பூட்ட முடிந்தது. அதோடு, சிறிய எண்ணுள்ள பெட்டியை வாங்கியவர் இணைப்புப் பெட்டி எனப்படும் கூடுதல் உதிரித் தொகுப்பை வாங்கினால் அது அடுத்த எண்ணுள்ள பெட்டியாக உயரும் ஏற்பாடும் இருந்தது. முதலாம் எண் பெட்டியோடு ‘1அ’ என்னும் இணைப்பைச் சேர்த்தால் இரண்டாம் எண் பெட்டி கிடைக்கும். எனவே வெளிநாட்டில் ஒரு பெட்டியை விற்பதோடு வணிகம் முடிந்துவிடவில்லை. தொலைந்துபோன நட்டு முதல் பெரிய பற்சக்கரம் வரை ஒவ்வோர் உதிரியையும் எண் சொல்லிக் கேட்கும் சிறுவனுக்கு எடுத்துக்கொடுக்கக் கையிருப்பு வைத்திருக்கும் முகவர் ஒருவர் அந்நாட்டில் வேண்டியிருந்தது. மெக்கானோவின் வெளிநாட்டு வலைப்பின்னல் கடைகளின் வலைப்பின்னலாக மட்டுமன்றி உதிரிபாகக் கிடங்குகளின் வலைப்பின்னலாகவும் வளர்ந்ததற்குக் காரணம் இதுவே.

அந்த வலைப்பின்னல் முதலில் பெரிய சோதனைக்கு உள்ளானது அமெரிக்காவில். மெக்கானோவை ஏறத்தாழ அப்படியே ஒத்த ‘அமெரிக்கன் மாடல் பில்டர்’ என்னும் பெட்டியை ஒஹையோ மாநிலத்தின் டேட்டன் நகரில் ஒரு நிறுவனம் செய்து விற்றது. உதிரிகள் மட்டுமன்றிக் கையேட்டின் படங்களும் ஒத்திருந்தன. மெக்கானோ தொடுத்த வழக்கில் 1916இல் கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றம் அதற்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டில் காப்புரிமை நிலைக்கவில்லை. நியாயமற்ற போட்டி, பதிப்புரிமை மீறல் ஆகிய குற்றச்சாட்டுகளே நிலைத்தன. அதே பொருளை விற்ற வானமேக்கர் பேரங்காடிக்கு எதிரான மற்றொரு வழக்கு 1920இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை சென்றது. வழக்குகளின் இறுதிப் பயன் சிந்திக்கத்தக்கது: துளையிட்ட பட்டை என்ற கருத்து பொதுச்சொத்தாகிவிட, கையேடும் பெயருமே காக்கத்தக்க உடைமைகளாக எஞ்சின. இதற்கிடையே நியூ ஹேவன் நகரின் ஏ. சி. கில்பர்ட் 1913இல் ‘எரெக்டர்’ என்ற பெட்டியை வெளியிட்டுப் பெருவெற்றி கண்டிருந்தார். 1922ஆம் ஆண்டின் ஃபோர்ட்னி–மெக்கம்பர் சுங்கச் சட்டம் இறக்குமதிப் பொம்மைகளின் வரியை 70 விழுக்காடாக உயர்த்திய அதே ஆண்டில் நியூ ஜெர்சியின் எலிசபெத் நகரில் மெக்கானோவின் அமெரிக்கத் தொழிற்சாலை இயங்கத் தொடங்கியது. வரிச்சுவருக்கு உள்ளே போய் உட்கார்ந்துகொள்வதே அதைத் தாண்டும் வழி என்று நிறுவனம் கணித்திருக்க வேண்டும். கணிப்பு பலிக்கவில்லை, 1920களின் முடிவில் அந்த அமெரிக்கக் கிளை கில்பர்ட்டின் கைக்கே போய்ச் சேர்ந்தது. அமெரிக்காவில் மெக்கானோ என்ற பெயருடன் கிடைக்கும் 1930களின் பெட்டிகளை லிவர்பூலின் ஏற்றுமதியென்று எண்ணிவிடும் புதிய சேகரிப்பாளர் ஏமாறுவது இதனால்தான்.

ஜெர்மனியில் தடை போர் வடிவில் வந்தது. 1912 வாக்கில் பாரிசிலும் பெர்லினிலும் மெக்கானோ கிளைகள் திறக்கப்பட்டிருந்தன. கோப்பிங்கன் நகரின் மெர்க்ளின் நிறுவனம் மெக்கானோவுக்குச் சாவி முடுக்கும் விசைப்பொறிகளைச் செய்து கொடுத்துவந்தது. 1914இல் போர் மூண்டதும் மெக்கானோவின் ஜெர்மன் உடைமைகள் எதிரிச் சொத்து என்ற வகையில், அதாவது பகைநாட்டவருக்கு உரியதென அரசு கைப்பற்றும் சொத்து என்ற வகையில், பறிமுதலாயின. அவை மெர்க்ளினிடம் சென்றன. அந்நிறுவனம் பின்னர் தன் பெயரிலேயே உலோகக் கட்டுமானப் பெட்டிகளை 1999 வரை செய்துவந்தது. ஒரே மூலத்திலிருந்து கிளைத்தமையால் மெர்க்ளின் பட்டைகளும் அரை அங்குல இடைவெளியையே கொண்டிருந்தன. மீட்டர் அளவையில் ஊறிய ஒரு நாட்டின் குழந்தைகள் அங்குலக் கணக்கில் அமைந்த பொம்மையோடு மூன்று தலைமுறைகளாக விளையாடியது இந்தப் பறிமுதலின் எதிர்பாராத விளைவு. இதற்கு மாறாக, செக்கோஸ்லோவாக்கியாவின் போலித்சே நாட் மெதுயீ என்ற சிற்றூரில் யாரோஸ்லாவ் வான்சல் 1920இல் தொடங்கிய தொழிலகம், 1925 முதல் மெர்க்கூர் என்ற பெயரில் செய்த பெட்டியில் துளை இடைவெளியைச் சரியாக 10 மில்லிமீட்டராக வைத்தது. கலந்து கிடக்கும் ஒரு கூடை உதிரிகளில் எது எந்த மரபைச் சேர்ந்தது என்று அறிய அளவுகோலை வைத்துப் பார்த்தாலே போதும். வேதியியலர் ஒட்டோ விக்தர்லே 1961இல் தம் வீட்டில் மென்மையான கண்வில்லைகளை வார்க்கும் கருவியைச் செய்ததும் இந்த மெர்க்கூர் உதிரிகளைக் கொண்டே.

பிரான்சின் கதை ஜெர்மனியின் கதைக்கு நேர் எதிரானது. பாரிஸ் கிளை போரைக் கடந்து நின்றது. பின்னர் பாரிசின் புறநகரான போபிஞியில் தொழிற்சாலை எழுந்தது. 1959இல் கலே நகரில் மற்றொன்று வந்தது. பிரெஞ்சு உதிரிகளில் மெக்கானோ என்ற பெயரோடு பிரான்சில் செய்தது என்ற பொருள்படும் பிரெஞ்சுத் தொடர் பொறிக்கப்பட்டிருக்கும். தாய் நிறுவனம் மறைந்த பின்னும் பெயரைக் காத்த கிளை இதுவே.

பிரிட்டிஷ் பேரரசின் நாடுகளில் தொழிற்சாலை தேவைப்படவில்லை. முகவர்களே போதுமானவர்களாக இருந்தனர். இதற்கு முதன்மைச் சான்று, நிறுவனம் 1916 முதல் வெளியிட்டுவந்த மெக்கானோ மேகசின் என்ற சிறுவர் இதழாகும். தோற்றத்தில் பொறியியல் செய்திகளைத் தரும் இதழாக இருப்பினும், வணிக நோக்கில் அது விலைப்பட்டியலும் கூட. கடல் கடந்த வாசகர்களுக்கென அதில் அச்சான அறிவிப்புகளில் கனடாவுக்கு டொராண்டோ கிளையும், ஆஸ்திரேலியாவுக்குச் சிட்னியின் ஈ. ஜி. பேஜ் நிறுவனமும், நியூசிலாந்துக்கு ஆக்லாந்தின் மாடல்ஸ் லிமிடெட்டும், தென்னாப்பிரிக்காவுக்கு ஜோகனஸ்பர்க் முகவரும் குறிக்கப்பட்டனர். இந்தியாவுக்கு பாம்பே ஸ்போர்ட்ஸ் டிப்போ என்ற கடையின் பம்பாய், கராச்சி, கல்கத்தா கிளைகள் இடம்பெற்றன. மூன்றும் துறைமுக நகரங்கள் என்பதும், பொம்மைக்கடைக்குப் பதிலாக விளையாட்டுச் சாமான் கடையே முகவராக இருந்தது என்பதும் கருதத்தக்கன. இங்கு அப்பெட்டி ஐரோப்பியக் குடும்பங்களும் வசதிபடைத்த இந்தியர் சிலரும் எட்டக்கூடிய பண்டமாகவே இருந்திருக்கும்.

வண்ணங்களுக்கு வருவோம், சேகரிப்போருக்கு மிகுதியும் பயன்படும் சான்று இதுவே, மிகுதியும் ஏமாற்றும் சான்றும் இதுவே. தொடக்கக் காலப் பட்டைகள் ஓரம் மடித்த தகரத்தால் ஆனவை. பின்னர் முனை வட்டமான தடித்த எஃகுப் பட்டைகளும், அவற்றின்மேல் நிக்கல் முலாமும் வந்தன. 1926இல் சிவப்பும் பச்சையும் ஆகிய வண்ணப்பூச்சு புகுந்தது. 1934இல் பிரிட்டனின் உள்நாட்டுச் சந்தைக்கான பட்டைகள் பொன்னிறத்திற்கு மாறின; தகடுகள் நீலமாகி, ஒரு பக்கத்தில் மட்டும் பொன்னிறக் குறுக்குக் கோடுகளைப் பெற்றன. லிவர்பூலிலிருந்து வெளிநாடு சென்ற பெட்டிகளுக்கோ பழைய சிவப்பு–பச்சையே தொடர்ந்து பூசப்பட்டது. ஆக, வளையத்தக்க மெல்லிய தகடு போன்ற 1934க்குப் பிற்பட்ட உதிரி ஒன்று, போருக்கு முந்திய சிவப்பு–பச்சையில் கிடைத்தால் அது ஏற்றுமதிச் சரக்கு என்ற முடிவுக்கு வர இடமுண்டு. ஆனால் 1945க்குப் பின் உள்நாட்டிலும் சிவப்பு–பச்சையே திரும்பியது. எனவே வண்ணம் மட்டும் தீர்ப்புச் சொல்லாது. பட்டையில் பொறித்த எழுத்தின் வடிவம், பூச்சின் சாயல், பெட்டியோடு வந்த கையேட்டின் அச்சுக்குறி ஆகியவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அந்நிறுவனத்தின் அச்சுத்தாள்கள் பலவற்றின் அடியில் சிறிய எண்வரிசை ஒன்று உண்டு. அதன் இலக்கங்களில் அச்சிட்ட மாதமும் ஆண்டும் அடங்கியிருக்கும். பெட்டி எண்களும் ஒரு துணை: 1934இல் எண்களுக்குப் பதில் எழுத்துகள் வந்து, 1937இல் பூச்சியம் முதல் பத்து வரையிலான எண்வரிசை மீண்டும் வந்தது. எழுத்து வரிசையின் உச்சமான ‘எல்’ பெட்டி, அதற்குப் பின்வந்த பத்தாம் எண் பெட்டியைவிட உதிரிகளில் பெரியது. சேகரிப்போர் அதைத் தேடி அலைவதில் நியாயம் உண்டு.

இரண்டாம் உலகப்போரும் அதன் பின்விளைவுகளும் ஏற்றுமதியின் இயல்பையே மாற்றின. நியூசிலாந்து 1938 டிசம்பரிலேயே இறக்குமதி உரிம முறையைக் கொண்டுவந்திருந்தது. அன்னியச் செலாவணியைக் காக்க, எந்தப் பண்டம் எவ்வளவு வரலாம் என்பதை அரசே வரையறுக்கும் முறை அது. பிரிட்டனில் 1942 முதல் உலோகப் பொம்மை உற்பத்தி தடைசெய்யப்பட்டது. பின்ஸ் ரோடு ஆலை போர்த் தளவாடங்களுக்குத் திரும்பியது. போருக்குப் பின் நாடு டாலர் தேடி அலைந்தபோது ஏற்றுமதிக்கே முன்னுரிமை கிடைத்தது. பிறகு 1950இல் தொடங்கிய கொரியப் போர் உலோகத் தட்டுப்பாட்டைக் கொணர்ந்தது. அர்ஜென்டினாவில் எக்ஸாக்டோ என்ற நிறுவனம் உரிமம் பெற்று உள்நாட்டிலேயே மெக்கானோ செய்தது. இந்தியாவின் இறக்குமதிக் கட்டுப்பாடும் இதே விளைவைத் தந்தது; மெக்கானோ நிறுவனத்தின் மற்றொரு பண்டமான டிங்கி சிறுகார்களின் வார்ப்பு அச்சுகள் 1960களின் இறுதியில் கல்கத்தாவுக்கு வந்து, அங்கு வார்க்கப்பட்ட கார்கள் நிக்கி என்ற பெயரில் விற்பனையாயின. துளைப்பட்டைப் பெட்டியைப் பொறுத்தவரை, இன்றும் தமிழ்நாட்டுக் கடைகளில் கிடைக்கும் செஃபிர் நிறுவனத்தின் மெக்கானிக்ஸ், மெக்கானோவின் நேர் வாரிசு அன்று. அதே கருத்தின் இந்திய வடிவமே.

பொம்மை என்ற எல்லையைக் கடந்து ஏற்றுமதியான ஒரு மெக்கானோவும் உண்டு. மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் டக்ளஸ் ஹார்ட்ரீ, மாணவர் ஆர்தர் போர்ட்டருடன் சேர்ந்து, வகைக்கெழுச் சமன்பாடுகளைச் சக்கரங்களின் சுழற்சியால் தீர்க்கும் கணிப்பொறியொன்றை 1934இல் பெரும்பாலும் மெக்கானோ உதிரிகளாலேயே அமைத்தார். செலவு ஏறத்தாழ 20 பவுண்டு. அதைப் பின்பற்றி மறு ஆண்டு கேம்பிரிட்ஜில் அமைந்த பொறி 1950இல் நியூசிலாந்துக்குச் சென்றது. தற்போது ஆக்லாந்தின் போக்குவரத்து, தொழில்நுட்ப அருங்காட்சியகத்தில் உள்ளது. பொம்மைப் பெட்டிகள் உள்ளே வர உரிமம் கேட்ட நாட்டுக்கு அதே உதிரிகள் ஆய்வுக்கருவியாக வந்து சேர்ந்தன.

லிவர்பூல் நிறுவனத்தின் முடிவை விரைவாகவே சொல்லிவிடலாம். 1964இல் லைன்ஸ் சகோதரர்கள் நிறுவனமும் 1971இல் ஏர்ஃபிக்ஸும் அதை வாங்கின. வண்ணங்கள் கறுப்பு–மஞ்சள், நீலம்–மஞ்சள் என்று மாறின. 1979 நவம்பர் 30 அன்று பின்ஸ் ரோடு ஆலை மூடப்பட்டது. கலே ஆலை பிரெஞ்சு, ஜப்பானிய உரிமையாளர்களைக் கடந்து 2013இல் கனடாவின் ஸ்பின் மாஸ்டரிடம் சென்றது; அதையும் மூடும் முடிவு 2023இல் அறிவிக்கப்பட்டது. லிவர்பூலின் ஏற்றுமதிக் கிளையாகத் தொடங்கியது லிவர்பூலைவிட நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது.

இன்று சேகரிப்போர் உலகம் நன்கு அமைப்புற்றது. பன்னாட்டு மெக்கானோ ஆர்வலர் சங்கம் 1989 முதல் இயங்குகிறது. இங்கிலாந்தின் ஸ்கெக்னஸ் கடற்கரை நகரில் ஆண்டுதோறும் கண்காட்சி கூடுகிறது. பெர்ட் லவ், ஜிம் கேம்பிள் இருவரும் 1986இல் வெளியிட்ட விரிவான நூல் உதிரிகளின் காலத்தை அறியும் முதன்மைக் கையேடாக விளங்குகிறது. ஆயினும் சேகரிப்பின் இருவேறு நோக்கங்கள் ஒன்றோடொன்று மோதுகின்றன. மாதிரிகள் கட்டுவோர் துருவைச் சுரண்டிப் புதுப்பூச்சுப் பூசுகின்றனர்; பத்துப் பெட்டிகளின் உதிரிகளை ஒன்றாகக் கொட்டிப் பதினோராவது ஒன்றை நிறைவு செய்கின்றனர். அவர்களைக் குறைகூற முடியாது. கட்டுவதற்காகச் செய்த பொருள் அது. ஆனால் அட்டையில் நூலால் கட்டிய பழைய கட்டு அவிழாமல், ஜோகனஸ்பர்க் அல்லது கல்கத்தாக் கடையின் சீட்டு மூடியில் இருக்க, கையேடும் உடன் கிடைக்கும் ஒரு பெட்டி, எந்தக் காலத்தில் எந்த நாட்டுக்கு எந்த வண்ணம் போயிற்று என்பதற்கு நேரடிச் சான்றாகும். அதைப் புதுப்பூச்சு ஒரே நாளில் அழித்துவிடும். இந்தியத் துறைமுக நகரங்களின் பழைய வீடுகளிலும் காயலான் கடைகளிலும் இத்தகைய பெட்டிகள் இன்னும் கிடைக்கக்கூடும். கைக்கு வருவோர் அவற்றைத் தேய்க்காமல், பூசாமல், கடைச்சீட்டை உரிக்காமல், முத்திரைகளையும் அச்சுக்குறிகளையும் படமெடுத்துப் பதிவுசெய்த பின்னரே பிரிப்பது இந்த வரலாற்றின் இந்தியப் பகுதியை எழுதவிருப்போருக்குச் செய்யும் பேருதவியாகும்.